நாலரை கிலோ

ஐந்தாவது வெள்ளிக்கிழமை விடிந்தபோது மேலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நூற்று ஒன்பதில் தொடங்கியவள் நூறரைக்கு வந்துவிட்டாள். இன்னும் அரைக் கிலோதான் பாக்கி. அரைக் கிலோவெல்லாம் ஓர் எடையா, ஈரத் தலையைத் துவட்டினாலே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வாரா வாரம் வந்து போகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

மேலக்கா என்பது கட்டட வேலைத்தளத்தில் அவளுக்கு வைத்த பெயர். அறுபது மீட்டர் உயரத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறாள். கீழே இருக்கிறவர்கள் கழுத்து வலிக்க நிமிர்ந்துதான் அவளைப் பார்க்க வேண்டும். பதினெட்டு வருடமாக அவளுக்கு மேலேதான் வேலை. வயது நாற்பத்து நான்கு.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, ஏணியில் ஏறும்போது நாலாவது இடைத்தட்டில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடம் எழுந்திருக்க முடியவில்லை. அந்தப் பேச்சு அலுவலகம் வரைக்கும் போனது. பின்னாலேயே ஒரு விதியும் வந்தது. ஏணி ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட் நூறு கிலோவைத்தான் தாங்கும். அதற்கு மேல் இருப்பவர்கள் பத்து வாரத்துக்குள் நூறுக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் கிரேனை விட்டுத் தரை வேலைக்கு வந்துவிட வேண்டும். தளத்தில் கனத்த ஆண்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்கள் யாரும் ஏணி ஏறுகிறவர்கள் இல்லை. ஆக, விதி ஊருக்கு என்று எழுதப்பட்டாலும் மாட்டியது ஒருத்திதான்.

வீட்டில் கணவரும் நாத்தனாரும். பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் படிக்கிறார்கள், இந்த வாரம் தலைகாட்ட மாட்டார்கள். கணவருக்குச் சொந்தமாக பேக்கரி. தெரு முழுக்க அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். கல்லாவில் உட்காருவது அவருடைய அக்கா. கீழே கடை, மேலே வீடு, நடுவில் இருபத்தாறு படி.

பேக்கரிக்கு மேலே குடியிருந்துகொண்டு வாயைக் கட்டுவது என்ன பாடு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். முதல் ஈடு ரொட்டி வேகும் வாசனை படியேறி வந்து, கதவைத் தட்டாமலே படுக்கையறைக்குள் நுழைந்துவிடும். இத்தனை வருடமாக அந்த வாசனையோடு எழுந்து, ஆறு பன்னும் வெண்ணெயும் பொட்டலம் கட்டிக்கொண்டு மேலே போனவள் அவள். கேபினில் எட்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்தில் கை மட்டும் வேலை பார்க்கும். வாய் சும்மா இருக்குமா?

இந்த ஐந்து வாரமாக இரண்டு அவித்த முட்டை, ஒரு டப்பா வேகவைத்த காய், ஒரு ஆப்பிள். தளத்து நர்ஸ் மன உறுதி வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அது எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை என்றால் எடை பார்க்கும் நாள். பேக்கரியின் பின்னறையில் மாவு மூட்டை நிறுக்கும் பெரிய இரும்புத் தராசு ஒன்று இருக்கிறது. மேலக்கா அதன் பலகையில் ஏறி நிற்பாள். மாஸ்டர் மேல் கம்பியில் குண்டைத் தள்ளித் தள்ளி நிறுத்தி எண்ணை வாசிப்பார். முதல் வெள்ளிக்கிழமையே ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்திருந்தது. மேலக்கா பலகையிலிருந்து குதித்து இறங்கிச் சிரித்த சிரிப்பில் மாவு பிசைகிற ஆள் எட்டிப் பார்த்தான். மூன்றாவது வாரத்திலிருந்து மாஸ்டர் தினமும் சாயங்காலம் ஒரே ஒரு பன்னில் வெண்ணெய் தடவி, ஜெயித்தவர்களுக்கு என்று சொல்லி நீட்ட ஆரம்பித்தார். ஒன்றுதானே என்று அவளும் தின்றாள்.

இன்றைக்கு அவர் நூறரை என்று வாசித்தார். போன வாரமும் அதேதான். பரவாயில்லை, இன்றைக்குத் தளத்தில் நடுக்கட்டப் பரிசோதனை, போய் அவர்கள் மூக்கை உடைத்துவிட்டு வருகிறேன் என்று மேலக்கா பையை மாட்டினாள். மாஸ்டர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ட்ரேக்களை அடுக்கிக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"அந்தத் தராசை நம்பி ரொம்பக் குதிக்காதே."

எதைத் தின்றாலும் ஒட்டாத உடம்பு நாத்தனாருக்கு. ஒரு நாளைக்கு நாலு கேக் துண்டு தின்பார், இடுப்பு அப்படியே இருக்கும். பொறாமை என்று மேலக்கா மனதுக்குள் ஒரு முத்திரை குத்திவிட்டுக் கிளம்பினாள்.

*

நர்ஸின் அறை என்பது சரக்குப் பெட்டி ஒன்றுக்கு ஜன்னல் வெட்டி, மின்விசிறி மாட்டியது. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, கண்ணாடி மேல்தட்டு போட்ட ஒரு எடை மெஷின். வாசலில் இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் கையில் ஒரு ஃபைல் இருந்தது.

மேலக்கா பூட்ஸைக் கழற்றினாள். பாக்கெட்டில் இருந்த சாவியைக்கூட எடுத்து மேசைமேல் வைத்தாள். ஏறி நின்றாள்.

நூற்று ஐந்து.

இறங்கி, மறுபடி ஏறினாள். நூற்று ஐந்து. மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று சொன்னாள். நர்ஸ் கோபப்படவில்லை. தானே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள், ஐம்பத்திரண்டு காட்டியது. காலையில் வீட்டிலும் அதே ஐம்பத்திரண்டுதான் என்றாள். அப்புறம் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து வாரத்தில் நாலு கிலோ குறைத்திருக்கிறீர்கள், இது சின்ன விஷயமே இல்லை என்று உண்மையாகவே பாராட்டினாள். அது மேலக்காவின் காதிலேயே விழவில்லை. நூறரையை எதிர்பார்த்து வந்தவளிடம் நூற்று ஐந்தை நீட்டிப் பாராட்டினால் எப்படி விழும்?

இன்ஜினியர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்தார். சொந்த விருப்பத்தின் பேரில் தரைப் பணிக்கு மாற ஒப்புக்கொள்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. ஸ்டோரில் உட்கார்ந்து சங்கிலிகளுக்கும் கொக்கிகளுக்கும் அட்டை கட்டுகிற வேலை. நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு. இப்போதே கையெழுத்துப் போட்டால் அந்த இடம் நிச்சயம். போடாமல் இருந்து, இன்னும் ஐந்து வாரத்தில் நூறுக்கு வராமலும் போனால், அந்த இடம் இருக்குமா என்று அவரால் சொல்ல முடியாதாம். நாளைக் காலை வேலை தொடங்குவதற்கு முன் தாள் திரும்பி வர வேண்டுமாம்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், அக்கா. வீட்டுலயும் நிம்மதியா இருப்பாங்க."

வீட்டில் நிம்மதியாக இருப்பதைப் பற்றி இவருக்கு என்ன என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. அவமானம் காதை அடைத்திருந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

நேரே கேன்டீனுக்குப் போனாள். க்ரீம் வைத்த பன் மூன்று வாங்கினாள். வாங்கும்போது குற்ற உணர்ச்சி இல்லை. ஐந்து வாரம் முட்டையையும் காயையும் தின்று கண்டது இதுதான் என்றால் பன்னாவது மிஞ்சட்டும் என்றுதான் இருந்தது. பொட்டலத்தைப் பைக்குள் போட்டு, பெல்ட்டை மாட்டி, கோபத்தோடேயே ஏணியைப் பிடித்தாள். எந்தத் தட்டிலும் நிற்காமல் மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

கேபினில் உட்கார்ந்ததும் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்கள். கம்பிக்கட்டு ஒன்று ஒன்பதாவது மாடிக்குப் போக வேண்டும். தூக்கினாள். பாதி உயரத்தில் காற்று ஒரு தள்ளுத் தள்ளியது, கட்டு ஆட ஆரம்பித்தது.

ஆடுகிற சுமையை எதிர்ப்பக்கம் இழுத்து நிறுத்தப் பார்ப்பது புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு. இழுக்க இழுக்க அது இன்னும் வெறிகொண்டு ஆடும். அது போகிற பக்கமே கொக்கியைக் கூடவே கொண்டுபோய், அதன் தலைக்கு மேல் சரியாக நிறுத்திவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். ஆட்டம் தானாக அடங்கும். அதற்குள் கீழே நாலு பேர் சத்தம் போடுவார்கள், அதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது. மேலக்கா அப்படித்தான் செய்தாள். கம்பிக்கட்டு ஒன்பதாவது மாடியில் பூப்போல உட்கார்ந்தது.

அப்புறம் பொட்டலத்தைப் பிரித்தாள்.

முதல் பன் நாலே வாயில் போய்விட்டது. அது நன்றாக இருந்தது என்பதை மறைப்பானேன். இரண்டாவதைக் கையில் எடுத்தபோதுதான் வயிற்றைக் கவனித்தாள். வயிறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் கோபம். இன்ஜினியரைக் கடிக்க முடியாது, நர்ஸைக் கடிக்க முடியாது, ஆகவே பன்னைக் கடிக்கலாம் என்று கை முடிவு செய்திருக்கிறது. பதினெட்டு வருடத்தில் இந்தக் கேபினில் தின்ற பன்களில் எத்தனை பசிக்குத் தின்றது, எத்தனை கோபத்துக்குத் தின்றது என்று யோசித்துப் பார்த்தாள். கணக்கு அவளுக்கே பிடிக்கவில்லை.

"எனக்குப் பசிக்கல. எனக்குக் கோபம்."

தனியாக இருக்கும் கேபினில் சத்தமாகத்தான் சொன்னாள். சொன்னதால் ஆசை ஓடிப்போய்விடவில்லை. பன்னைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்த பிறகும் பதினோரு நிமிடம் வாய் ஊறிக்கொண்டுதான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டாவது நிமிடம் அடுத்த சுமைக்குக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பதினோரு நிமிடத்தில் வேறொன்றும் நடந்தது. திங்கட்கிழமை தோறும் கிரேனின் எடைகாட்டி சரியாக இருக்கிறதா என்று அவள்தான் சோதிப்பாள். வாசலோரம் இரண்டு டன் கான்கிரீட் கட்டை ஒன்று கிடக்கும். அதைத் தூக்கினால் திரையில் இரண்டு டன் வர வேண்டும். தெரிந்த எடையைத் தூக்கிப் பார்க்காமல் எந்தக் காட்டியையும் நம்பக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் பாடம். நர்ஸ் அவள் கண்ணெதிரே தன்னையே தூக்கிக் காட்டிவிட்டாள். வீட்டுத் தராசை இதுவரை யார் சோதித்தது?

*

நாலு மணிக்கு வீடு திரும்பியபோது மாஸ்டர் கடைகளுக்கு ரொட்டி போடப் போயிருந்தார். நாத்தனார் கல்லாவில் இருந்தார். மேலக்கா பூட்ஸோடு நேரே பின்னறைக்குப் போனாள்.

அன்றைக்கு வந்து இறங்கிய மாவு மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மில்லில் தைத்த தையல் பிரியவில்லை. மேலே ஐம்பது கிலோ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. ஒன்றைக் கட்டி இழுத்துத் தராசில் போட்டாள். குண்டை மெதுவாகத் தள்ளினாள்.

நாற்பத்தைந்தரை.

அதை இறக்கிவிட்டு இன்னொன்றைப் போட்டாள். நாற்பத்தைந்தரை. வேறு மில்லின் மூட்டை ஒன்று மூலையில் இருந்தது. அதுவும் நாற்பத்தைந்தரை. இரண்டு மில்லும் சொல்லிவைத்துக்கொண்டு ஏமாற்றாது.

குனிந்து பார்த்தாள். பெரிய கம்பிக்குக் கீழே மெல்லியதாக இன்னொரு கம்பி. அதில் சின்னதாக ஒரு குண்டு. நாலரை என்ற கோட்டில் அதை நிறுத்தி, நகராதபடி கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றியிருந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்கு மாவுப் படலம்.

இருபது வருடம் இந்த வீட்டில் வாழ்ந்தும் அவள் இதைப் பார்த்ததில்லை. மாவு அவர் பக்கம், இரும்பு அவள் பக்கம் என்று கல்யாணமான முதல் மாதமே பிரித்துக்கொண்ட குடும்பம் அது.

நாத்தனார் எப்போது வந்து கதவோரம் நின்றார் என்று தெரியவில்லை.

"அண்ணி, இது என்ன?"

"மாவு அள்ளுற தகரத் தொட்டியோட எடை. நாலரை கிலோ. ஒவ்வொரு தடவையும் கழிக்க வேண்டாம்னு கட்டி வெச்சது. தொட்டி இல்லாம எதை வெச்சாலும் நாலரை கூட்டிக்கணும்."

"இது எல்லாருக்கும் தெரியுமா?"

"வேலைக்குச் சேர்ற முதல் நாளே சொல்லிடுவோம்."

மேலக்கா அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்தாள். கேட்டாள்.

"கட்டினதே அவன்தான்," என்றார் நாத்தனார்.

பிறகு தன் தரப்பையும் சொன்னார். முதல் வெள்ளிக்கிழமையே தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினாராம். அவன் சொல்கிறேன் சொல்கிறேன் என்றே நாளைக் கடத்தினானாம். புருஷன் பெண்டாட்டி நடுவில் எவ்வளவுதான் மூக்கை நுழைப்பது என்று, தராசை நம்பாதே என்று மட்டும் இவளிடம் சொல்லிப் பார்த்தாராம். நீதான் என்னைப் பொறாமைக்காரி மாதிரிப் பார்த்தாய் என்றும் சேர்த்துக்கொண்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மூட்டைமேல் உட்கார்ந்து யோசித்தாள். நாலு கிலோ குறைத்தது நிஜம். இந்த நிமிடம்தான் நர்ஸ் சொன்னது அவளுக்குக் கேட்டது. முதல் மூன்று வாரத்திலேயே அத்தனையும் குறைந்திருக்கிறது. கடைசி இரண்டு வாரம் ஒன்றுமே குறையவில்லை. பக்கத்தில் வந்துவிட்டோம் என்று நம்பி, சாயங்கால வெண்ணெய் பன்னைத் தின்றுகொண்டு, கொஞ்சம் மெத்தனமாகவும் இருந்த இரண்டு வாரம். பத்து வாரத்தில் இரண்டு வாரத்தைச் சிரித்துக்கொண்டே பறிகொடுத்திருக்கிறாள்.

கட்டுக்கம்பியை விரலாலேயே முறுக்கிப் பிரித்தாள். சின்னக் குண்டைச் சுழியத்துக்குத் தள்ளினாள்.

மாஸ்டர் காலி ட்ரேக்களோடு உள்ளே வந்தவர் முதலில் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, தரையில் கிடந்த கட்டுக்கம்பியைத்தான் பார்த்தார். ட்ரேக்களைக் கீழே வைக்க மறந்து நின்றார்.

"வாங்க மாஸ்டர்," என்றாள் மேலக்கா.

அவர் மழுப்பவில்லை, அந்த மட்டுக்கும் மரியாதை. முதல் நாள் குண்டைத் தள்ளும்போது தனக்கும் ஞாபகம் இல்லை என்றார். எண்ணை வாசித்த பிறகுதான் உறைத்ததாம். அதற்குள் அவள் குதித்து இறங்கிச் சிரித்துவிட்டாளாம். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாகிவிட்டது, அந்த முகத்தில் எப்படி நாலரை கிலோவைத் திரும்பத் தூக்கி வைப்பது, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். அடுத்த வாரமும் அவள் சிரித்தாளாம்.

"சரி. பன் எதுக்கு?"

மாஸ்டர் கையிலிருந்த ட்ரேக்களை இறுக்கிப் பிடித்தார்.

"வாரா வாரம் பொய் வாசிச்சீங்க, பாவம்னு விட்டுடறேன். தெரிஞ்சே வெண்ணெய் தடவிக் கொடுத்தீங்களே, அது எதுக்கு?"

கதவோரத்திலிருந்து நாத்தனார் பேசினார். குரலில் வழக்கமான கேலி இல்லை.

"மிச்சத்தையும் சொல்லிடுடா. இன்னும் மறைச்சா நானே சொல்லுவேன்."

மாஸ்டர் ட்ரேக்களை ஒருவழியாகக் கீழே வைத்தார். அப்புறம் அவர் சொன்னதை அவள் நின்றுகொண்டேதான் கேட்டாள். அந்தக் காலையில், மூன்று மாதத்துக்கு முன்னால், அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க அவர் வேலைத்தளத்து வாசலில் வந்து நின்றிருக்கிறார். ஏணியில் அவள் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார்.

"பத்து நிமிஷம். என்னால ஏறி வரவும் முடியல, கத்தவும் முடியல. நீ விழுந்துடுவேன்னு பார்த்துட்டே நின்னேன். அன்னைக்கு முடிவு பண்ணினேன், நீ கீழ வந்தாப் போதும்னு."

பதினைந்து நாளைக்கு முன் இன்ஜினியரைப் போய்ப் பார்த்திருக்கிறார். அவளைத் தரை வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். வாயால் சொன்னால் போதாது என்றதும், ஏணியில் மட்டுமில்லை, வீட்டுப் படியில்கூட அவளுக்கு மூச்சு வாங்குகிறது, பாதியில் நின்றுவிடுகிறாள் என்று கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார். நூறுக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கடிதம் ஃபைலில் இருக்கும்.

மேலக்காவுக்கு அழுகை வந்தது. அந்தப் பத்து நிமிடம் இந்த மனிதர் வாசலில் எப்படி நின்றிருப்பார் என்று நினைத்துத்தான் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஆத்திரம் வந்தது, அது அழுகையை முந்திக்கொண்டது. பதினெட்டு வருடமாகத் தலைக்கு மேலே டன் டன்னாகச் சுமையைத் தூக்கியிருக்கிறாள், ஒருவர் தலைமீதும் ஒரு கல் விழுந்ததில்லை. அவளுடைய உடம்பைப் பற்றி, அவளைக் கேட்காமல், இரண்டு ஆண்கள் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசி எழுதி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பயமா இருந்துச்சுன்னா என்கிட்ட வந்து பயமா இருக்குன்னு சொல்லியிருக்கணும். வெண்ணெய் தடவிச் சொல்லக் கூடாது. நான் தோக்கணும்னு நீங்க தினமும் ஊட்டிவிட்டிருக்கீங்க."

"தோக்கணும்னு நினைக்கல."

"அப்ப ஜெயிக்கணும்னு நினைச்சீங்களா?"

மாஸ்டர் தரையைப் பார்த்தார். அவளுக்கு அந்தப் பதிலே போதுமாயிருந்தது.

பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுத் தராசுப் பலகையில் ஏறி நின்றாள்.

"வாசிங்க."

அவர் தயங்கினார். அவள் அசையவில்லை. குண்டைத் தள்ளினார், கம்பி மேலும் கீழும் ஆடி நின்றது.

"நூத்தஞ்சு," என்றார்.

"கேக்கல."

"நூத்தஞ்சு."

இந்தத் தடவை கடையில் ரொட்டி வாங்க நின்ற இரண்டு பெண்களுக்கும் கேட்டது. ஒருத்தி எட்டிப் பார்த்தாள். மேலக்கா அவளை நேராகப் பார்த்து, ஆமாம், நூற்று ஐந்து, போன மாதம் நூற்று ஒன்பது என்று அறிவித்தாள். அந்தப் பெண் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இன்னும் ஐந்து கிலோ, ஐந்து வாரம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீங்கள்தான் வாசிக்க வேண்டும், இதே சத்தத்தில் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அதுவரைக்கும் அவர் கை பட்ட ஒரு துண்டைக்கூடத் தொடப்போவதில்லை, தன் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்வாள். இருபது வருடமாக ஊருக்கே ஊட்டிய மனிதருக்கு அது எங்கே போய்க் குத்தும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

"சட்டைப் பையில துருத்திட்டிருக்கே, அது என்ன தாளு?" என்று கேட்டார் நாத்தனார்.

மேலக்கா சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து விரித்தாள். கல்லா மேசையிலிருந்து பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் முடியாது என்று பெரிதாக எழுதினாள். மை உலரட்டும் என்று மாவு மூட்டைமேல் வைத்தாள்.

"நீ எழுதறது சரி. நான் எழுதிக் கொடுத்தது அங்க இருக்கே," என்றார் மாஸ்டர். அவர் குரலில் வீம்பு இல்லை. திரும்ப எடுக்க முடியாத ஒன்றைச் செய்துவிட்ட பயம்தான் இருந்தது.

மேலக்கா அவரைத் தாண்டி நடந்தாள். பின்னறையை விட்டு வெளியே வந்தால் வீட்டுக்குப் போகிற படி. கைப்பிடியைத் தொடாமல் ஏறினாள். இருபத்தாறாவது படியில் திரும்பினாள், இறங்கினாள். மறுபடி ஏறினாள். காலையிலிருந்து ஒரு பன்னும் இரண்டு முட்டையும் தின்ற உடம்பு, எட்டு மணி நேரம் வேலை பார்த்த உடம்பு. இரண்டாம் தடவை இறங்கும்போது முழங்கால் எரிந்தது.

படிக்குக் கீழே மாஸ்டர் வந்து நின்றார். போதும் என்று சொல்ல வாயைத் திறந்தவரை நாத்தனார் தோளைப் பிடித்து நிறுத்தினார். கடையில் யாரோ கல்லாவைத் தட்டிக் கூப்பிட்டார்கள், கொஞ்சம் நில்லுங்க என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மூன்றாவது முறை ஏறும்போது மேலக்காவின் மூச்சுச் சத்தம் கீழேவரை கேட்டது. பதினெட்டாவது படியில் வேகம் குறைந்தது. நிற்கவில்லை. உச்சிக்குப் போய், சுவரில் சாயாமல், உட்காராமல், இரண்டு காலிலும் நின்று கீழே திரும்பிப் பார்த்தாள். பேச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"நாளைக்குப் போய் இதையும் எழுதிக் கொடுங்க."